பனி, உப்பு, இரண்டு ஸ்டாப்

பனியைக் கறுப்பு வெள்ளையில் போட்டோ எடுக்கிறேன் என்று சொன்னால் நம் ஊரில் ஒரு மாதிரியாகப் பார்ப்பார்கள். தயிர்சாதத்தைக் கறுப்பு வெள்ளையில் எடுக்கிற மாதிரிதான் அது. ஏற்கெனவே வெள்ளையாக இருக்கிற ஒன்றை, கலர் ஃபிலிம் கடையில் தாராளமாகக் கிடைக்கும்போது, எதற்காக ஐயா மெனக்கெட்டுக் கறுப்பு வெள்ளையில் எடுக்க வேண்டும்? நியாயமான கேள்வி. பதில் கண்டுபிடிக்க எனக்கு இரண்டு குளிர்காலம் ஆயிற்று.

முதல் சிக்கல் தமிழிலேயே இருக்கிறது. மார்கழிக் காலையில் தலையில் இறங்கி மூக்கை ஒழுகவிடுவது பனி. புல் நுனியில் உட்கார்ந்திருப்பது பனி. பஸ் டிரைவருக்கு எதிரே வரும் லாரியை மறைப்பது பனி. இமயமலையில் ஆளை அப்படியே மூடிவிடுவதும் பனி. நாலு பேருக்கும் ஒரே பெயர் வைத்துவிட்டோம், சம்பளப் பட்டியலில் நாலு ராமமூர்த்தி இருப்பது போல. ஆகவே, 1993-ல் எனக்கு சிம்லாவுக்கு மாற்றல் ஆனபோது, தூத்துக்குடியில் இருந்த அம்மாவுக்கு நான் போகப்போவது இதில் எந்தப் பனிக்கு என்று விளக்க முடியவில்லை. "மப்ளர் கட்டிக்கோய்யா, மண்டையில இறங்கிரும்" என்றாள். அங்கே பனி மண்டையில் இறங்காது, மண்டைக்கு மேல் அரை அடி நிற்கும் என்று சொன்னால் நம்பவில்லை.

நான் அப்போது ஒரு வங்கியில் புதிதாக அதிகாரி ஆனவன். பிரமோஷன் கொடுத்தால் கூடவே மாற்றலும் கொடுப்பார்கள், காபி வாங்கினால் டபரா வருகிற மாதிரி. கல்காவிலிருந்து 1903-ல் போட்ட அந்தப் பொம்மை ரயிலில் ஏறி, குகை குகையாக நுழைந்து, ஏழாயிரம் அடி உயரத்தில் ஒரு டிரங்க் பெட்டியோடு இறங்கினேன். எலும்பு வரை குளிர்ந்தது. மானேஜர் கை குலுக்கிவிட்டு, "மதராஸியா? மார்ச் வரைக்கும் குளிக்காதீர்கள்" என்றார். அவர் எனக்குச் செய்த ஒரே உபகாரம் அதுதான்.

ஊருக்கு ஒரு படம் அனுப்பலாம் என்றுதான் எல்லாம் ஆரம்பித்தது. அம்மா பனியைக் கண்ணால் பார்க்க வேண்டும். அதுவும் சீக்கிரம் பார்க்க வேண்டும், ஏனென்றால் அவளுக்கு இரண்டு கண்ணிலும் பொரை விழ ஆரம்பித்திருந்தது. கல்யாணத்துக்கு முன்னும் பின்னும் இருபது வருஷம் உப்பளத்தில் வெயிலில் நின்ற கண். உச்சி வெயிலில் பாத்தியைப் பார்த்தால் எப்படிக் கூசும் என்று தூத்துக்குடிக்காரர்களுக்குத் தெரியும். என் தாத்தாவும் அளத்துக்குப் போனவர்தான். கடைசி ஆறு வருஷம் குரலை வைத்துத்தான் ஆளை அடையாளம் கண்டார். அம்மா தன்னைப் பற்றிப் பயந்ததும் அதைத்தான். ஆபரேஷன் என்றால் மட்டும், "கத்தி வச்சா இருக்கிறதும் போயிரும்" என்று பேச்சை மாற்றிவிடுவாள்.

எங்கள் கிளையில் ஒரு கேஷியர் கலர் கேமரா வைத்திருந்தார். முதல் பனிப்பொழிவன்றே ஒரு ரோல் எடுத்துத் தள்ளினார். பிரிண்ட் வந்ததும் எல்லாருமாகக் கூடிப் பார்த்தோம். பாதிப் படத்தில் பனி, நீலம் அதிகமாகப் போட்டுவிட்ட வேட்டி மாதிரி இருந்தது. மீதிப் பாதியில் சிமெண்ட். அவர் மனைவி ஸ்வெட்டர் மட்டும் பிரமாதமான சிவப்பு.

அதே வாரம்தான் லக்கர் பஜார் போகிற வழியில் ஒரு பழைய ஸ்டூடியோவுக்குள் நுழைந்தேன். உள்ளே அங்கீட்டிக் கரி அடுப்பு, பக்கத்தில் ஒரு பெரியவர். 1947-ல் லாகூரிலிருந்து ஒரு லென்ஸையும் ஒரு தம்பியையும் மட்டும் காப்பாற்றிக்கொண்டு வந்தவர். எல்லாரும் பாபுஜி என்றார்கள், நானும் அப்படியே கூப்பிட்டேன். கேஷியரின் படங்களைக் காட்டினேன். பார்த்துவிட்டுச் சிரிக்கவில்லை. டாக்டர் எக்ஸ்ரே பார்ப்பது போல ஜன்னல் பக்கம் பிடித்தார். (ஹிந்தியில் சொன்னதைத் தமிழில் தருகிறேன்.)

"நிழலைப் பார். பனியின் நிழலுக்கு வெளிச்சம் கொடுப்பது சூரியன் இல்லை, வானம். வானம் நீலம், அதனால் நிழலும் நீலம். நம் மூளை அதைத் தள்ளுபடி செய்துவிடும். ஃபிலிம் செய்யாது. அது நேர்மையான முட்டாள்."

"சரி, சிமெண்ட்?"

"அது மீட்டர் செய்த வேலை."

இந்த லைட் மீட்டர் விஷயம் உங்களுக்குச் சுலபமாகப் புரியும். ஆபீஸில் வருஷா வருஷம் கான்ஃபிடென்ஷியல் ரிப்போர்ட் எழுதும் மேலதிகாரியைப் பார்த்திருக்கிறீர்கள் அல்லவா? ராத்திரி எட்டு மணி வரை உழைப்பவனுக்கும் 'ஆவரேஜ்', மூன்று மணிக்கே தூங்குபவனுக்கும் 'ஆவரேஜ்'. கேமரா மீட்டர் அதே ஜாதி. உலகத்தில் எதைக் காட்டினாலும், தன்மீது விழும் வெளிச்சத்தில் சுமார் 18 சதவிகிதத்தைத் திருப்பி அனுப்பும் நடுத்தரச் சாம்பல் நிறம் என்றுதான் எடுத்துக்கொள்ளும். புதிதாக விழுந்த பனியோ 80, 90 சதவிகிதத்தைத் திருப்பி அனுப்புகிறது. மீட்டர் பதறிப்போய், 'ஐயோ, வெளிச்சம் ஜாஸ்தி, குறை குறை' என்கிறது. குறைத்தால் பனி சாம்பலாகிவிடும். எருமையைக் காட்டினால் எருமையும் சாம்பல். பனிக்கும் எருமைக்கும் ஒரே மார்க்!

மருந்து சுலபம். மீட்டர் சொல்வதைப் பணிவாகக் கேட்டுக்கொண்டு, இரண்டு ஸ்டாப் கூடுதலாகக் கொடுத்துவிட வேண்டும். ஐந்நூறில் ஒரு செகண்ட் என்று சொன்னால் நூற்றிருபத்தைந்தில் ஒரு செகண்ட். பாபுஜியிடம் இன்னொரு வழியும் இருந்தது. உள்ளங்கையை வெயிலில் காட்டி அதை மீட்டரில் அளந்து, ஒரு ஸ்டாப் கூட்டுவது. "உள்ளங்கை மட்டும்தான் எல்லா தேசத்துக்காரனுக்கும் ஏறக்குறைய ஒரே நிறம். கடவுள் கொடுத்த கிரே கார்டு" என்றார்.

அங்கேயே முந்நூறு சொச்சம் ரூபாய்க்கு ஒரு பழைய ரஷ்ய ஜெனித் கேமரா வாங்கினேன். எடை, நம் வீட்டு அம்மிக் குழவி. ஆனால் மீட்டருக்கு பாட்டரி வேண்டாம், வெளிச்சத்திலேயே வேலை செய்யும். குளிரில் பாட்டரி படுத்துவிடுகிற ஊரில் இது பெரிய விஷயம். ஃபிலிம் கேட்டேன். மேஜை டிராயரிலிருந்து ஓர் 'இந்து' கறுப்பு வெள்ளை ரோல் எடுத்துப் போட்டார். டப்பாவைத் திருப்பிப் பார்த்தால், ஹிந்துஸ்தான் போட்டோ ஃபிலிம்ஸ், ஊட்டி! எனக்கு சொந்தக்காரரைப் பார்த்த மாதிரி இருந்தது. 1960-ல் தொடங்கி 1967-லிருந்து ஃபிலிம் தயாரித்த அரசாங்கத் தொழிற்சாலை அது. எத்தனையோ ஊர்களின் கல்யாணமும் எக்ஸ்ரேயும் அந்த மலையிலிருந்து இறங்கிய ஃபிலிமில் பதிந்தவை. இன்று அந்த ஆலை இயங்கவில்லை.

பாபுஜி சொல்லித்தான் எனக்கு சாமுவேல் போர்ன் தெரியும். அவரும் நம் இனம். இங்கிலாந்தில் நாட்டிங்ஹாம் நகரத்தில் ஒரு வங்கிக் குமாஸ்தா. லெட்ஜரை மூடி வைத்துவிட்டு 1863-ல் இந்தியாவுக்குக் கப்பலேறினார். சிம்லாவில்தான் ஸ்டூடியோ போட்டார். பிற்பாடு கல்கத்தாவில் பிரசித்தமான போர்ன் அண்ட் ஷெப்பர்ட் அவர் பேரைத் தாங்கியதுதான். 2016-ல் மூடும்வரை இருந்தது. 1866-ல் மனுஷன் மணிரங் கணவாய்க்குப் போய், 18,600 அடி உயரத்தில் படம் எடுத்தார். அதற்கு மேல் உயரத்தில் இன்னொருவர் கேமராவைத் தூக்கிப் போக சுமார் இருபது வருஷம் பிடித்தது.

இதில் என்ன கஷ்டம் என்கிறீர்களா? அந்தக் காலத்தில் ஃபிலிம் கிடையாது, கண்ணாடித் தகடு. அதன்மேல் கொலோடியன் என்கிற பிசினைப் பூசி, வெள்ளி நைட்ரேட்டில் முக்கி, ஈரம் காய்வதற்குள் படம் எடுத்து, ஈரம் காய்வதற்குள் கழுவியும் ஆக வேண்டும். இதற்கு இருட்டுக் கூடாரம், மருந்து பாட்டில்கள், கண்ணாடிப் பெட்டிகள், தண்ணீர். எல்லாவற்றையும் கூலிகள் முதுகில் ஏற்றி, மூச்சு முட்டும் உயரத்தில், விரல் விறைக்கிற குளிரில். அந்தப் படங்களில் பனி இன்றும் கொஞ்சம்கூட சாம்பலாகாமல் இருக்கிறது. தூக்கிக்கொண்டு போனவர்களின் பெயர்தான் எங்கும் இல்லை.

நீல நிழலுக்கு மருந்து மஞ்சள் கண்ணாடி. லென்ஸுக்கு முன்னால் மஞ்சள் ஃபில்டர் மாட்டினால், அது நீல வெளிச்சத்தைத் தடுக்கும். பனியின் நிழல்கள் எல்லாம் ஒரு படி கறுக்கும். வெறும் வெள்ளைத் தாளாக இருந்த தரையில் மேடு, பள்ளம், காக்கை நடந்த தடம் எல்லாம் எழுந்து உட்காரும். கலருக்குத் தொந்தரவாக இருந்த நீலம், கறுப்பு வெள்ளைக்குப் பென்சில் ஆகிவிட்டது. முதல் வாக்கியத்தில் கேட்ட கேள்விக்குப் பாதி பதில் இதுதான். பனியில் நிறம் கிடையாது. இருப்பதெல்லாம் வெளிச்சம் மட்டும்தான். கறுப்பு வெள்ளை அந்த வெளிச்சத்தை மட்டுமே கணக்கெடுக்கிறது.

மஞ்சளுக்குப் பதில் சிவப்பு மாட்டினால்? வானமே கறுத்துவிடும். அமெரிக்காவில் ஆன்ஸல் ஆடம்ஸ் என்ற இருபத்தைந்து வயதுப் பையன், பியானோ வித்வானாக வேண்டும் என்றிருந்தவன், 1927 ஏப்ரல் 10-ம் தேதி யோஸெமிட்டி மலையில் பனியில் ஏறினான். எதிரே 'ஹாஃப் டோம்' என்கிற பிரம்மாண்டமான பாறை முகம். பையில் மிச்சம் இருந்தது இரண்டே கண்ணாடித் தகடு. ஒன்றை மஞ்சள் ஃபில்டரில் எடுத்தான். எடுத்த கையோடு, மனசில் பட்ட பிரமிப்பு இதில் வராது என்று தோன்றிவிட்டது. கடைசித் தகட்டுக்கு அடர் சிவப்பு ஃபில்டர் மாட்டி, ஐந்து செகண்ட் திறந்து வைத்தான். கறுத்த வானம், அதன் கீழே பாறை, பாறைக்குக் கீழே பளீரென்று பனி. அந்தக் கடைசித் தகடுதான் அவனை ஆன்ஸல் ஆடம்ஸ் ஆக்கியது. கண்ணுக்கு முன்னால் இருப்பதை எடுப்பது ஒரு வேலை, மனசில் பார்த்ததை எடுப்பது வேறு வேலை என்று அன்று தெரிந்துகொண்டதாகப் பிற்பாடு பல தடவை எழுதினார். (பெரிய மனிதர் ஆகிவிட்டார், இனி 'ர்' போடுவோம்.)

என்னைப் பொறுத்தவரை பெரிய எதிரி குளிர்தான். ஃபிலிம் அப்பளம் மாதிரி மொறமொறத்துப் போகும். காய்ந்த குளிர்காற்றில் வேகமாகச் சுற்றினால் உள்ளே மின்பொறி தட்டி, ஃபிலிமில் குட்டிக் குட்டி மின்னல் விழும். வெளியிலிருந்து அறைக்குள் வந்தால் லென்ஸ் முழுக்க வேர்த்துவிடும். அதற்கு பாபுஜியின் வைத்தியம், கேமராவை வெளியிலேயே ஒரு பாலிதீன் பையில் போட்டு இறுகக் கட்டி உள்ளே கொண்டுவந்து, ஒரு மணி நேரம் தொடாமல் இருப்பது. வேர்ப்பதெல்லாம் பைக்கு வேர்க்கும். இவ்வளவும் அலுப்பாக இருக்கிறதே என்று ஒருநாள் முனகினேன். பாபுஜி ஃபிராங்க் ஹர்லி கதையைச் சொன்னார்.

அன்டார்டிகாவில் ஷாக்கிள்டனின் 'எண்ட்யூரன்ஸ்' கப்பலை 1915-ல் பனிக்கட்டி நெருக்கி நொறுக்கியது. போட்டோகிராபர் ஹர்லி, உடைந்த கப்பலுக்குள் தேங்கிய ஐஸ் தண்ணீரில் முங்கித் தன் நெகடிவ் டப்பாக்களை எடுத்தார். எடுத்தும் என்ன? எல்லாவற்றையும் இழுத்துப் போக முடியாது. தலைவரும் அவரும் பனியில் உட்கார்ந்து ஒவ்வொரு தகடாக வெளிச்சத்தில் பார்த்து, சுமார் 120 தகடுகளை வைத்துக்கொண்டு 400-ஐ உடைத்துப் போட்டார்கள். பின்னால் மனசு மாறித் தேடக் கூடாது என்றுதான் உடைப்பது. கப்பலை 2022-ல் கடலுக்கடியில் மூவாயிரம் மீட்டர் ஆழத்தில் கண்டுபிடித்தார்கள். ஹர்லியின் படங்கள் நூறு வருஷமாகக் கரையில்தான் இருக்கின்றன. இதைக் கேட்ட பிறகு நான் பாலிதீன் பைக்காக முனகியதில்லை.

ஜனவரியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை. ராத்திரி முழுக்கப் பெய்து விடியற்காலை வெளுத்திருந்தது. ஏழரை மணிக்கு ரிட்ஜ் மைதானத்தில் நின்றேன். பனிக்கு அதுதான் முகூர்த்தம். சூரியன் தாழ்வாக, பக்கவாட்டிலிருந்து அடிக்கும். உச்சிக்குப் போய்விட்டால் நிழல் செத்துவிடும், தரை பேப்பர் ஆகிவிடும். பின்னால் கிறிஸ்து ஆலயத்தின் கோபுரம், ஓரத்தில் தேவதாரு மரங்கள், கிளைக்குக் கிளை வெள்ளைப் பொதி. யாரும் மிதிக்காத பனியில் ஒரே ஒரு காலடி வரிசை. அந்த வரிசையின் முனையில் ஓர் ஆள். முதுகில், கயிற்றால் கட்டிய இரும்பு பீரோ.

சிம்லாவில் மால் ரோடு பக்கம் சாதாரண வண்டிகளை விடமாட்டார்கள். ஆகவே காஸ் சிலிண்டரோ பீரோவோ, மனுஷன் முதுகில்தான் மேலே வரும். பெரும்பாலும் காஷ்மீரிலிருந்து வந்தவர்கள். இவன் அனந்த்நாக் பக்கத்து ஆள், என்னைவிட இரண்டு மூன்று வயது சின்னவன். கேமராவைக் காட்டி, எடுக்கட்டுமா என்று ஜாடையில் கேட்டேன். நின்றான். தலையை மட்டும் நிமிர்த்தினான். உள்ளங்கையை அளந்து, ஒரு ஸ்டாப் கூட்டி, மஞ்சள் ஃபில்டருக்கு இன்னொன்று கூட்டி, மூச்சைப் பிடித்துக்கொண்டு ஒரே ஒரு படம். பீரோவோடு நிற்பவனிடம் 'இன்னொண்ணு' என்று கேட்க வாய் வராது.

பாபுஜியின் டார்க் ரூமில் டெவலப்பரை வெந்நீரில் வைத்துச் சூடு பண்ணித்தான் கழுவ வேண்டும். குழாய்த் தண்ணீர் காலையில் கல்லாக இருக்கும். நெகடிவைப் பார்த்ததும் கிழவருக்கு முகம் மலர்ந்தது. ஒரு பத்துக்குப் பன்னிரண்டு பிரிண்ட் போட்டார். என்ன பனி தெரியுமா! ஒவ்வொரு காலடித் தடத்துக்கும் ஓர் உதடு, உதட்டில் ஒரு நிழல். தொட்டால் விரல் சில்லிடும் போல. ஆள் மட்டும் முழுக் கறுப்பு, பீரோவோடு சேர்ந்து கத்தரித்து ஒட்டிய மாதிரி. "பனிப் படம் என்றால் இப்படித்தான். பனியைப் பிடித்தால் ஆள் கறுப்பான், ஆளைப் பிடித்தால் பனி வெளுத்துப் போகும். இரண்டுக்கும் பேப்பரில் இடம் கிடையாது" என்றார். ரிஜிஸ்தர் தபாலில் ஊருக்கு அனுப்பிவிட்டேன்.

பத்து நாள் கழித்துத் தங்கையிடமிருந்து இன்லண்டு லெட்டர் வந்தது.

"படம் கிடைத்தது. அம்மா வாசலில் வெளிச்சத்துக்குக் கொண்டுபோய்ப் பார்த்தாள். 'இது நம்ம அளம்லா? அம்பாரம் போட்டிருக்கான். இவ்வளவையும் எவன் வாருவான்?' என்று கேட்டாள். நான் பனி என்று சொன்னேன். பிறகு ரொம்ப நேரம் அந்த ஆளையே பார்த்தாள். 'எனக்கு அவன் முகமே தெரியல, கண்ணு அவ்வளவுதான் போல' என்று சொல்லிவிட்டுப் படத்தைக் கொடுத்துவிட்டாள். எனக்கும்தாம்மா தெரியலை என்றேன். ஆறுதலுக்குச் சொல்கிறேன் என்று நினைக்கிறாள். ராத்திரி அழுதாள். ஆபரேஷனும் வேண்டாமாம், அதான் முடிந்து போச்சே என்கிறாள்."

கடிதத்தை ஆபீஸில் இரண்டு தடவை படித்தேன். உப்பு சமாசாரத்துக்குச் சிரிப்புதான் வந்திருக்க வேண்டும். யோசித்தால், அம்மா சொன்னது சயன்ஸ். பனித்துகளுக்கு நிறமே கிடையாது, கண்ணாடி மாதிரி இருக்கும். உப்புக் கல்லும் அப்படித்தான். லட்சக்கணக்கில் குவியும்போது, உள்ளே நுழைந்த வெளிச்சம் முகத்துக்கு முகம் மோதிச் சிதறி வெளியே வருகிறது, அதனால்தான் வெள்ளை. இரண்டும் வெள்ளையானதற்கு ஒரே காரணம். இரண்டும் கண்ணைக் கெடுப்பதும் அப்படித் திருப்பி அடிக்கிற வெளிச்சத்தால்தான். மலையேறுகிறவன் கறுப்புக் கண்ணாடி போட்டுக்கொள்வான். அளத்தில் யார் கொடுத்தார்கள்?

சாயங்காலம் பாபுஜியிடம் போய், முகம் தெரிகிற மாதிரி ஒரு பிரிண்ட் வேண்டும் என்றேன்.

"பனி போய்விடும்."

"பனி இருக்கட்டும், முகமும் வேண்டும். என் அம்மா தன் கண் போய்விட்டது என்று நினைத்துக்கொண்டிருக்கிறாள்."

கிழவர் கொஞ்ச நேரம் அடுப்பைக் கிளறினார். பிறகு அலமாரியிலிருந்து ஒரு பழைய புத்தகத்தை எடுத்து ஒரு படத்தைப் பிரித்துக் காட்டினார். தென் துருவம், 1912 ஜனவரி 18. ஸ்காட்டும் நாலு கூட்டாளிகளும். தங்களுக்கு முன்னால், டிசம்பர் 14-லேயே, அமுண்ட்ஸென் வந்து போய்விட்டார் என்று தெரிந்த பிறகு எடுத்தது. எடுக்க வேறு ஆள் இல்லை. பவர்ஸ் என்பவர் கேமராவில் ஒரு நூலைக் கட்டி உட்கார்ந்தபடியே இழுத்திருக்கிறார். திரும்பும் வழியில் ஐந்து பேரும் இறந்தார்கள். நவம்பரில் தேடிப் போனவர்கள் பனி மூடிய கூடாரத்தில் உடல்களோடு அந்த ஃபிலிமையும் கண்டுபிடித்தார்கள். அத்தனை மாதம் பனிக்குள் கிடந்த ஃபிலிமைக் கழுவினால், ஐந்து முகமும் அப்படியே இருந்தன.

"இதில் பனியை யார் பார்க்கிறார்கள்?" என்றார் பாபுஜி. "வா, விளக்கை அணை."

ஒரு கம்பி நுனியில் எட்டணாக் காசு அளவு அட்டையை ஒட்டினார். என்லார்ஜர் வெளிச்சம் பேப்பரில் விழும் இருபது செகண்டில், எட்டு செகண்ட் அந்த அட்டையை முகத்துக்கு மேலே பிடித்து லேசாக ஆட்டிக்கொண்டே இருந்தார். அங்கே வெளிச்சம் குறைவாகப் போகும், பேப்பர் அவ்வளவாகக் கறுக்காது. இதற்கு டாட்ஜிங் என்று பெயர். ஆடம்ஸும் விடிய விடிய இதைத்தான் செய்தார். முதல் தாளில் ஆளைச் சுற்றி ஒளிவட்டம் வந்து மகான் மாதிரி ஆகிவிட்டான். இரண்டாவதில் பீரோ வெளுத்தது. மூன்று, நான்கு... ஐந்தாவது தாள் டெவலப்பருக்குள் போனது. முதலில் கோபுரம் வந்தது, பிறகு மரம், பிறகு பீரோ. கடைசியில், தண்ணீருக்குள்ளிருந்து யாரோ எட்டிப் பார்ப்பது போல, மெதுவாக ஒரு நெற்றி, மூக்கு, இரண்டு கண்.

"இது பொய்யில்லையா, பாபுஜி?"

"நெகடிவில் இருந்தது. பேப்பரில்தான் இல்லை. இருக்கிறதைக் காட்டுவது எப்படிப் பொய்யாகும்?"

வாஸ்தவம். அந்த முகம் நெகடிவில் எப்படி வந்தது என்பதுதான் இன்னும் வேடிக்கை. பீரோவின் நிழலில் இருந்த முகத்துக்குக் கீழேயிருந்து வெளிச்சம் கொடுத்தது, அவன் காலடியில் கிடந்த பனிதான்.

மூன்று பிரிண்ட் போட்டோம். ஒன்று ஊருக்கு. பதில் ஒரே வாரத்தில் வந்தது, இந்த தடவை அம்மா சொல்லச் சொல்லத் தங்கை எழுதியது. "முகம் தெரியுதுய்யா. மூக்கு எடுப்பா இருக்கான். சின்னப் பையனால்லா இருக்கான். காலுல போட்டிருக்கானா? பாரம் சுமக்கிறவனைக் கூப்பிட்டு நிறுத்தாத, முதுகு விட்டுப்போகும். வைகாசியில ஆஸ்பத்திரிக்குப் போகலாம்னு இவ சொல்லுதா. சரின்னுட்டேன்."

வைகாசியில் நான் லீவு போட்டு ஊருக்குப் போயிருந்தேன். கட்டுப் பிரித்து, சோடாபுட்டிக் கண்ணாடி வந்து, அம்மா முதலில் கேட்டது இரண்டு படத்தையும்தான். பழசைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, புதுக்கண்ணாடி வழியாக ரொம்ப நேரம் ஆராய்ந்தாள். பிறகு நிமிர்ந்து, "அடப் பாவிகளா, இதுல எவனுக்குமே முகம் தெரியாதுலா!" என்றாள்.

இரண்டாவது பிரிண்டை அந்தப் பீரோக்காரனைத் தேடிப் பிடித்துக் கொடுத்தேன். டீக்கடை வாசலில் பிரித்துப் பார்த்தான். பனி எப்படி வந்திருக்கிறது பார் என்று நான் காலடித் தடத்தையெல்லாம் பெருமையாகக் காட்டினேன். அவன் அதைக் கேட்டதாகவே தெரியவில்லை. ஊருக்கு அனுப்பப் போகிறேன் என்றான். "பனி எங்கள் ஊரிலேயே வேண்டிய மட்டும் இருக்கிறது, ஸாப். என் முகம்தான் இரண்டு வருஷமாக அங்கே இல்லை" என்றான். மூன்றாவது பிரிண்டை பாபுஜி எனக்குத் தரவில்லை, ஸ்டூடியோ ஷோகேஸில் மாட்டிவிட்டார்.

இன்று நீங்கள் ஆபீஸ் நண்பர்களோடு குஃப்ரிக்கோ மணாலிக்கோ போனால் இவ்வளவு பாடு இல்லை. பையிலிருக்கும் போன் எல்லாம் செய்கிறது. ஆனாலும் அதற்குள் இருக்கும் மீட்டர் அந்தப் பழைய மேலதிகாரியின் பேரன்தான். திரையில் பனியைத் தொட்டு, வெளிச்சத்தைக் கொஞ்சம் மேலே தள்ளிவிடுங்கள். காலை எட்டு மணிக்குள் எழுந்துவிடுங்கள் (இதுதான் கஷ்டம்). கறுப்பு வெள்ளைக்கு மாற்றிப் பாருங்கள். நடுவில் பாரத்தோடு யாராவது வந்தால் ஒதுங்கி வழி விடுங்கள். அவர் சம்மதித்தால் மட்டும் எடுங்கள். எடுத்தால் முகம் தெரிகிறதா என்று பார்த்துவிட்டு அனுப்புங்கள்.

அம்மா 2009 வரை இருந்தாள், கண் கடைசிவரை நன்றாகவே இருந்தது. படம் கூடத்தில் காலண்டருக்குப் பக்கத்தில் தொங்கியது. தெருவில் பாதிப் பேர் அளத்துக்குப் போகிறவர்கள் ஆனதால், வருகிறவர்கள் எல்லாரும் தவறாமல் நின்று பார்ப்பார்கள். "இது எந்த அளம், ஆச்சி? உப்பு இவ்வளவு வெள்ளையா விளைஞ்சிருக்கு?" என்பார்கள்.

அம்மா ஒருவரையும் திருத்தியதில்லை.

"அது எங்க மவன் வேலை பார்த்த அளம்" என்பாள்.